கிளம்பிய நாளின் கண்ணாடி

ஐம்பது வருடம் கழித்துத் தூத்துக்குடி வந்து இறங்கிய சலேத்துக்குத் துறைமுக வாசலில், அவள் கிளம்பிய தேதியைக் கேட்டுப் பதித்து, ஒரு மூக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். ஊரை விட்டுப் போனவர்கள், தாங்கள் கிளம்பிய நாளில் எல்லாம் எப்படி இருந்ததோ அப்படியே அதில் பார்க்கலாம். மாட்டியதும் கடற்கரைச் சாலையில் ஓட்டு வீடுகளும் தோணிகளும் திரும்பி வந்தன. அழைக்க வந்திருந்த தங்கை பிலோமிகூட இரட்டைச் சடையோடு நின்றாள். குரல் மட்டும் கரகரத்தது.

"கழட்டுக்கா. நீ ஊரப் பாக்க வந்தியா, என்னயப் பாக்க வந்தியா?"

"இரு பிலோமி, கொஞ்ச நேரம்."

சலேத்தின் விரல்கள் கண்ணாடிவரை போய்ப் போய்த் திரும்பின. கழற்றினால் எந்த முகம் இருக்குமோ என்ற பயம் அவளை ஓரிடத்தில் நிற்கவிடவில்லை.

"கெழவியப் பாக்கப் பயமாக்கும்! நீ மட்டும் கொமரியோ?"

பிலோமியே அதைப் பிடுங்கினாள். நரைத்துப் பல் விழுந்த ஒருத்தி எதிரே நின்றாள். அவளுக்குப் பின்னால் வானத்தை மறைத்த கட்டடங்கள். சலேத் அந்த முகத்தில் தங்கையைத் தேடிக்கொண்டிருந்தபோதே, பிலோமி கேலியாகச் சிரித்தபடி கண்ணாடியைத் தன் கண்ணில் மாட்டிக்கொண்டு அக்காவைப் பார்த்தாள்.

சிரிப்பு நின்றது. கப்பலேறப் போகிற இருபத்திரண்டு வயதுக்காரியைத்தான் அவள் பார்க்கிறாள் என்று சலேத்துக்குப் புரிவதற்குள், பிலோமி அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"போவாதக்கா."