ஜன்னலோரத் தொட்டி

ஐஸ் பாட்டிலைத் தொட்டிக்குள் மெல்ல இறக்குகிறார் ஏசி மெக்கானிக். ஊரார் வீட்டையெல்லாம் குளிரவைக்கிற மனுஷன். காலையில் மகளின் நியூட்டைத் தொட்டுப் பார்த்து, ‘பாவம், சில்லுன்னு கிடக்கே’ என்று அந்த நீர்ப்பல்லியைத் தொட்டியோடு ஜன்னல் வெயிலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். குளிர்ந்த தண்ணீர்தான் அதற்கு உயிர் என்று மகள் படித்துப் படித்துச் சொன்னது, மதியம் திரும்பி வந்து வெதுவெதுப்பில் விரலை விட்டபிறகே உறைக்கிறது. பாசியில் வெயில் இன்னும் மினுங்குகிறது. போன் அடிக்கிறது. வீடியோ காலில், விடுதியிலிருந்து மகள். “அப்பா, அதைக் காட்டுங்க.” பாட்டிலை உருவி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு போனைத் திருப்புகிறார். தண்ணீரைவிட்டு வெளியேறத் தவித்து, குட்டி விரல்களை விரித்துக் கண்ணாடியில் ஏறிச் சறுக்கி மறுபடி ஏறுகிறது அது. “என்னைப் பாத்ததும் எப்படித் துள்ளுது பாருங்கப்பா!” “ஆமாம்மா, காலையிலேருந்து உன்னைத்தான் தேடுது.” பாட்டில் அவர் குதிகாலில் சொட்டுகிறது.