வரவேற்புச் சரம்

ஐம்பத்தேழு தேர்தலில் ஓட்டு வாங்கிப் போன எம்.எல்.ஏ. இரண்டு வருடம் கழித்து இன்றைக்குத்தான் இந்தப் பக்கம் வருகிறார். அச்சங்குளம் விலக்கு ரோட்டில் ஜீப் நின்றதும், வேப்பங்கிளையிலிருந்து தரைவரை தொங்கும் சரவெடியில் சங்கையா தீ வைக்கிறான். உச்சி வெயிலே புகையில் மங்கிப்போகிறது. வெடிக் கம்பெனியில் வேலை பார்க்கும் அவன் மதினி பஞ்சம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜீப்பின் கம்பியைப் பிடிக்கிறாள். நகக்கண்களில் கழுவியும் போகாத வெள்ளி நிற வெடிமருந்து மினுங்குகிறது. பேசுகிறாள், உதடு அசைவது மட்டும் தெரிகிறது. அவரும் கும்பிட்ட கையும் சிரித்த முகமுமாக, எல்லாம் கேட்டதுபோலத் தலையாட்டுகிறார். சிவப்புக் காகிதத் துணுக்குகள் அவர் மாலையிலும் அவள் தலையிலும் விழுகின்றன. ஜீப் நகர்கிறது. கம்பியை விடாமல் கொஞ்ச தூரம் ஓடியவள், கை நழுவிய பிறகும் பேச்சை நிறுத்தவில்லை. சட்டென்று சரம் தீர்ந்துபோகிறது. “எம் பிள்ளைய வண்டியில போட்டு சாத்தூரு போறதுக்குள்ள உசிரு போயிருச்சுய்யா, தீக்காயத்துக்கு இங்கன ஒரு ஆசுபத்திரி...” வெறும் ரோட்டைப் பார்த்து அவள் கத்திக்கொண்டிருப்பது ஊருக்கே கேட்கிறது. எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். பஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள். “தலைய ஆட்டுனாகள்ல மயினி, கேட்டிருக்கும்” என்கிறான் சங்கையா. சத்தம் பெரிதாக இருந்தால் மனுசர் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பார் என்று, நேற்று சாயங்காலம் அந்தச் சரத்தோடு இரண்டு முழம் சேர்த்துப் பின்னியவள் அவள்தான்.