வதனிக்கு மட்டும் ஹோம்

சுனாமி வீட்டுத்திட்டக் கந்தோரின் கண்ணாடித் தடுப்பில் வாவியின் வெயில் நெளிகிறது. இப்பாலிருந்து இமெல்டா பார்த்துக்கொண்டிருக்கிறாள். கணினிப் பொறுப்பாளன் அன்ரோ, வதனியின் கதிரையோடு ஒட்டிக் குனிந்து அவளுடைய புது மடிகணினியில் பென்ட்ரைவைச் செருகுகிறான்.

"இந்தக் கணினியில போட்டிருக்கிறது எக்ஸ்பியில ஹோம் பதிப்பு, வதனி. புரொபெஷனல் பதிப்பு எண்டாத்தான் நம்மட நெற்வேர்க்கில சேரும். இனி ஒவ்வொரு நாளும் நான்தான் வந்து ஃபைல் ஏத்தித் தரணும்."

"ஓம், வாங்களன்." வதனி சிரித்தபடி கதிரையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விடுகிறாள்.

அன்ரோவும் வதனியும் நெற்வேர்க்கில் ஓயாமல் கோப்புப் பரிமாறுவதைப் பொறுக்காமல், புது மடிகணினிகளுக்கான ஓடர் படிவத்தில் வதனிக்கு ஹோம் என்றும் தனக்குப் புரொபெஷனல் என்றும் அடையாளமிட்டவள் இமெல்டாதான். அவளுடைய திரையில் எல்லாக் கோப்பும் தானாகவே திறக்கிறது. அவளுடைய மேசைக்கு அன்ரோ வரவேண்டிய தேவையே இல்லை.