இரண்டே கால் மணிப் பழுது

“இன்னிக்கும் செத்துப்போச்சு உன் வெப்சைட்டு!”

ஓட்டல்காரம்மாவின் குரல் போனைத் தாண்டி அறை முழுக்கக் கேட்டது. வெப்சைட்டைச் செய்து கொடுத்த இளம் இன்ஜினியர் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தாள்.

அவள் தனியாக எடுத்துச் செய்த முதல் வேலை அது. டெலிவரி ஆப் வழியாக வரும் ஒவ்வொரு ஆர்டரிலும் கால் பங்கை ஆப் கம்பெனி பிடித்துக்கொள்கிறது என்றுதான், வாடிக்கையாளர்கள் நேராக ஆர்டர் கொடுக்க ஒரு வெப்சைட் கேட்டிருந்தார் ஓட்டல்காரம்மா. காலையில் நன்றாக ஓடும். சாயங்காலமும் ஓடும். மதியம் இரண்டே காலிலிருந்து மூன்று மணி வரை மட்டும் ‘கடை மூடியிருக்கிறது’ என்று கைவிரித்துவிடும். கடையோ திறந்தேதான் இருக்கும்.

“நாளைக்கு நேர்ல வந்து பாரு. சரியாகலேன்னா பக்கத்து பேக்கரிக்காரர்கிட்ட உள்ளதை உள்ளபடி சொல்லிடுவேன்.”

அடுத்த வேலையைத் தருவதாகச் சொன்னவர் அந்த பேக்கரிக்காரர். அதை நம்பித்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்த சம்பள வேலையையே விட்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் கோடிங்கை வரி வரியாகப் பார்த்தாள். ஒரு தப்பும் தட்டுப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் மதியம் கல்லாவுக்குப் பக்கத்து மேஜையில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிட்டாள். ஓட்டல்காரம்மாவின் கணவரான ஓட்டல்காரர் பார்சல் கட்டிக்கொண்டிருந்தார். டிஷ்யூ பேப்பரை இரண்டாகக் கிழித்து, பார்சலுக்குப் பாதி வைக்கிற மனிதர்.

“சாப்டாச்சா இன்ஜினியரம்மா?”

“ஆச்சுண்ணே.”

“நல்லதாப் போச்சு. நமக்கு ஒரு சாப்பாடு மிச்சம்.”

மணி இரண்டே கால். லேப்டாப்பில் ‘கடை மூடியிருக்கிறது’ என்று வந்தது.

சட்டென்று நிமிர்ந்தாள். ஓட்டல்காரரின் விரல் கல்லா மேலிருந்த டேப்லட்டில், வெப்சைட்டை மூடும் பட்டனை விட்டு இன்னும் விலகவில்லை.

“அண்ணே! நீங்களா?”

“ஷ்ஷ்! கத்தாதே. உங்கக்காவுக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சுடுவா.”

“நேர் ஆர்டரை ஏண்ணே அணைக்கறீங்க? எல்லாரும் ஆப்புக்கில்ல போயிடுவாங்க?”

“போகட்டும்னுதானே அணைக்கறேன்.”

கண்ணாடிக்கு வெளியே மோவாயால் காட்டினார். டெலிவரி ஆப்பின் ஆட்கள் மூன்று பேர் வண்டியில் சாய்ந்தபடி போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மூணு மணிக்குள்ள எட்டு டெலிவரி முடிச்சாத்தான் அவங்களுக்குப் போனஸ். ஏழோட நின்னா ஒண்ணும் கிடையாது. ரெண்டு மணிக்கு மேல ஆர்டரே படுத்துடும். வர்ற நாலஞ்சும் வெப்சைட்ல வந்தா நம்ம ஆளே கொண்டுபோய்க் குடுத்துடுவான். ஆப்ல வந்தா, பக்கத்துல நிக்கறவங்களுக்குப் போகும். அதோ, அந்தம்மாவுக்கு இப்போ ஏழு. தாடிக்கு ஆறு.”

“இதெல்லாம் உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?”

“கேட்டாச் சொல்லப் போறாங்க.”

பேசிக்கொண்டிருக்கும்போதே ஆப் ஆர்டர் ஒன்று மணியடித்தது. வெளியே அந்தம்மாவின் போனும் கிணுகிணுத்தது. ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி வந்தாள்.

“அண்ணே, எட்டு! என் அதிர்ஷ்டத்தைப் பார்த்தீங்களா!”

“பார்த்தேன், பார்த்தேன். அதிர்ஷ்டம் ஆறிடப் போகுது, எடுத்துட்டுக் கிளம்பு” என்று சிடுசிடுத்தார் ஓட்டல்காரர். அந்தப் பார்சலிலும் பாதி டிஷ்யூதான் வைத்தார்.

இன்ஜினியர் அந்தப் பாதி டிஷ்யூவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பாதிக் காகிதத்தை மிச்சம் பிடிக்கிற மனுஷன், ஒவ்வொரு ஆர்டரிலும் கால் பங்கைத் தெரிந்தே விட்டுக்கொடுக்கிறார். வாங்கிக்கொண்டு போகிறவளுக்குக்கூடத் தெரியாமல்.

சமையலறைக் கதவு படாரென்று திறந்தது. ஓட்டல்காரம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“என்ன, கண்டுபிடிச்சியா? யார் பண்ற கோளாறு இது?”

ஓட்டல்காரரின் கை பார்சலோடு அப்படியே நின்றது. கெஞ்சுகிற மாதிரி இன்ஜினியரைப் பார்த்தார்.

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் வேலையில் குறையில்லை என்று ஆகிவிடும். பேக்கரி வேலையும் கையை விட்டுப் போகாது.

லேப்டாப்பை மூடினாள்.

“என்... என் கோடிங்லதான் தப்புக்கா.”

“அப்படியா சேதி? உள்ள வா நீ, பேசிக்கறேன்!”

ஓட்டல்காரம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று சாமான் அறைக்குள் இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினார். இன்ஜினியருக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது.

கதவு சாத்தியதும் ஓட்டல்காரம்மாவின் குரல் தாழ்ந்தது.

“உனக்குப் பொய் சொல்லவே வரலையேடீ.”

“அக்கா?”

“பயப்படாதே. பேக்கரிக்காரர்கிட்ட நேத்தே உன்னைப் பத்தி நல்லபடியாச் சொல்லியாச்சு. நான் போட்ட சத்தமெல்லாம் எங்க வீட்டுக்காரர் காதுல விழறதுக்கு. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனுஷன் கூச்சப்பட்டு விட்டுடுவார்.”

இன்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்போ... வெப்சைட்டை நான் என்னக்கா பண்ணணும்?”

ஓட்டல்காரம்மா கதவிடுக்கில் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தார்.

“வேலை மும்முரத்துல அவர் சில நாள் அணைக்க மறந்துடறார். முந்தாநாள் அந்தம்மா ஏழோடவே வீட்டுக்குப் போச்சு. ரெண்டே கால் ஆனா அது தானாவே மூடிக்கிற மாதிரி பண்ணிக் குடு.”