மிஷின் ஓடாத சாயங்காலம்

கும்பிட உட்கார்ந்தோம். யாரும் வாயைத் திறக்கவில்லை.

புது வீட்டில் முதல் சாயங்காலம் அது. சுவரில் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. சாமான் எதுவும் வந்து சேராததால் தரையில் ஒரு போர்வையை விரித்து, நாலு பேரும் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தோம். ஜன்னலை நான்தான் வேண்டுமென்றே திறந்து வைத்திருந்தேன். தெருவில் யாரோ யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். போகட்டும். இங்கே யார் காதில் விழுந்தால் நமக்கென்ன?

சின்னவள் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு என் காதோரம் வந்தாள்.

"மிஷின் சத்தம் கேக்கலம்மா. யாரோ வராங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளைச் சொல்லி என்ன? பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த கும்பிடு அதுதான்.

நாங்கள் விட்டு வந்த இடத்தில் எங்கள் சாமியை வாய்விட்டுக் கும்பிடக் கூடாது. எதிர்வீட்டு வாத்தியாரை அதற்காகத்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். செருப்புப் போட்டுக்கொள்ளக்கூட விடவில்லை. அது அவர் வாசலிலேயே கிடந்தது, ரொம்ப நாள்.

எனக்குத் தையல் வேலை. அதனால் எங்களுக்கு ஒரு வழி இருந்தது.

நான் கதவோரம் மிஷினில் உட்கார்ந்து மிதிப்பேன். அவர்கள் மூன்று பேரும் எனக்குப் பின்னால், அறையின் கோடியில் உட்கார்ந்து அந்தக் கடகடப்புக்குள்ளே கும்பிடுவார்கள். வெறும் மிஷின் ஓடினால் ஒரு சத்தம், துணி ஓடினால் வேறு சத்தம். விஷயம் தெரிந்தவன் கண்டுபிடித்துவிடுவான். அதனால் கனத்த துணி ஒன்றையே திரும்பத் திரும்ப ஊசிக்கடியில் விடுவேன். தையல்மேல் தையல் விழுந்து அது பலகை மாதிரி ஆகிவிட்டது.

படிக்கட்டில் காலடி கேட்டால் மிதிப்பதை நிறுத்துவேன். மிஷின் நின்றால் அவர்கள் மூச்சுக்கூட விட மாட்டார்கள்.

என் முதுகுதான் அவர்களுக்குத் தெரியும். அவர்கள் என்ன வேண்டிக்கொள்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. கண் ஜன்னலில் இருக்கும், காது படிக்கட்டில் இருக்கும். இதில் நான் எங்கே கும்பிட!

"மிஷினெல்லாம் இனிமே கிடையாதுடி குட்டி. சத்தமாவே கும்பிடு. தெருவுக்கே கேக்கட்டும்."

சின்னவள் நம்பாமல் அப்பாவைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவ்வளவுதான், பேச்சில்லை.

அதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

கிளம்பி வந்தது என் பிடிவாதம். அங்கே அவருக்குச் சொந்தமாக மரப்பட்டறை. அவர் செய்த கதவு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். இங்கே நாளையிலிருந்து யாரோ ஒருவருடைய கிடங்கில் பெட்டி தூக்கப் போகிறார். ஒரு நாளாவது "உன்னால்தான்" என்று சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை கொடுத்து, சண்டை போட்டு, தீர்த்துக்கொண்டிருப்பேன். மனிதர் வாயே திறக்கவில்லை.

என்மேல் வருத்தம் இருந்தால் என்னிடம் மறைக்கலாம், சாமியிடம் மறைக்க முடியுமா? இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரியவள் ஆரம்பித்தாள். முதலில் காற்றுதான் வந்தது. அப்புறம் குரல் வந்தது. இவ்வளவு தூரம் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்ததற்கு நன்றி சொன்னாள். புதுப் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு சிநேகிதி கேட்டாள். முகத்துப் பருவைப் போக்கச் சொன்னாள். என் பிள்ளையின் குரல் இவ்வளவு கணீரென்று இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்து சின்னவள். தெருவுக்கே கேட்கட்டும் என்றேன் இல்லையா, அடுத்த தெருவுக்கும் கேட்டிருக்கும்.

"எதிர்வீட்டு வாத்தியார் மாமாவுக்கு யாராச்சும் செருப்பு குடுக்கணும் சாமி!"

பெரியவள் அழுதுவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துச் சமாளித்தேன்.

அடுத்தது அவர்.

கண்ணை மூடினார். கையைக் கூப்பினார். உதடு அசையவில்லை.

தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துவிட்டுப் போனது.

இவ்வளவுக்கும் அங்கே கடைசியாக எழுந்திருப்பவர் அவர்தான். அவர் கும்பிட்டு முடிக்கட்டும் என்று மிதித்து மிதித்தே என் கால் ஓய்ந்துபோகும். அந்த மனிதருக்கு இன்றைக்கு ஒரு வார்த்தைகூட இல்லையா? கோபம் என்மேல் என்றால் நான் தாங்கிக்கொள்வேன். என்னால் சாமியையே வெறுத்துவிட்டாரோ?

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னங்க, நான் கூட்டிட்டு வந்தது தப்புன்னா அதையாச்சும் சொல்லித் தொலைங்களேன்!"

அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பிறகு, பெண் பார்க்க வந்த அன்றைக்குக் குனிந்தாரே, அப்படித் தலையைக் குனிந்துகொண்டார்.

சின்னவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அத்தனை வருஷமும் அந்த மிஷின் சத்தத்துக்குள்ளே அவர் மடியில், அவர் வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

"அப்பாவுக்கு வேற எதுவும் கேக்கவே தெரியாதும்மா. தினம் அதையே, அதையேதான் கேப்பாரு."

"எதைடி?"

அவள் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, அப்பா மாதிரியே குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அவளும் ஒரு நாளு எங்ககூட வந்து உக்காரணும், சாமி."