பத்து நிமிட ஓய்வு

"ஸ்கேன் ரூமுக்குக் கொண்டுபோகக்குள்ள அவர்ர காதுக்குள்ள என்ன சொன்னீங்க, தங்கச்சி?"

டொக்டர் கேதீஸ்வரி கேட்டதும் றாஹிலா தலைகுனிந்தாள். கல்முனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கணவன் பர்ஸான் கண் திறந்தபடி கிடந்தான். மருதமுனையில் மோட்டார் சைக்கிள் சரிந்து ஏழு மாதம். கூப்பிட்டால் திரும்புவதில்லை, கையைப் பிடித்தால் திருப்பிப் பிடிப்பதில்லை.

போன புதன்கிழமை அவனைக் கல்முனையிலிருந்து கண்டிக்குக் கொண்டுபோய்ச் சோதித்திருந்தார்கள். தலையில் வயர்கள் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்தபடியே ஸ்கேனும் எடுத்தார்கள். சும்மா கிடக்கும்போதும் மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்பில் இருக்கும். அந்த ஓய்வுக் கோலம் இரண்டு பதிவிலும் ஒத்து வந்தால் உள்ளே உணர்வு இருக்கக்கூடும் என்று கேதீஸ்வரி முன்பே விளக்கியிருந்தார். வராவிட்டால் பயிற்சிச் சிகிச்சையை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்தப் பத்து நிமிடம் அவன் மனதைக் கலைக்கக் கூடாது என்பதுதான் ஒரே நிபந்தனை.

"மத்தியானம் ளுஹர் தொழுற நேரம், டொக்டர். வக்து வந்திட்டு, மனசால தொழுதிடுங்க எண்டன். ஏழு மாசமா அஞ்சு வக்துக்கும் சொல்றதுதான். வாய் பழகிப் போச்சு."

கேதீஸ்வரி கண்டியிலிருந்து வந்த அறிக்கையை மறுபடி பார்த்தார். ஓய்வுக் கோலம் அதில் இல்லை. அலையிலும் ஸ்கேனிலும் ஒரே நேரத்தில் ஒரு மாற்றம் எழுந்து அடங்கியிருந்தது. உடனே அதே அளவில் இன்னொன்று. பிறகு ஒன்றுமில்லை. மெஷினின் அதிர்வாக இருக்கலாம் என்று கண்டியில் குறித்திருந்தார்கள்.

"நானும் இந்த ஊர்தானே. ளுஹருக்கு நாலு ரக்அத், நாலு சுற்றுத் தொழுகை எண்டு எனக்கும் தெரியும். நாலு தரம் வந்திருந்தா உணர்வு இருக்கு எண்டு சண்டை பிடிச்செண்டாலும் எழுதியிருப்பன். ரெண்டுதான் வந்திருக்கு. ஆசைக்காக எழுத ஏலாது, தங்கச்சி."

அவர் அறிக்கைக் கோப்பை மூடினார்.

"ரெண்டா? நல்லாப் பார்த்தீங்களா?"

"ஓம். ரெண்டேதான்."

றாஹிலா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"ஊரில இருந்தாத்தான் நாலு, டொக்டர். பயணத்தில ரெண்டாச் சுருக்கித் தொழுவம்" என்றாள். "கண்டிக்கு வந்திருக்கம் எண்டு நான் அவருக்குச் சொல்லவேயில்லையே."