வலப்பாதி

அபயாம்பாள் கோட்டைப் பகுதி ஏலக் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். 1964 ஜூலையில் அங்கே பன்னிரண்டு பழைய சீனத் தட்டுகள் விற்பனைக்கு வந்தன. இருநூறு வருஷத்துக்கு முன் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் தன் குலச்சின்னத்தைத் தீட்டச் சொல்லி வாங்கியவை. சின்னத்தின் இடப்பாதியில் ஒரு கொக்கு இருந்தது. வலப்பாதி வெறுமையாக இருந்தது.

"அது அந்த வீட்டுப் பையனுக்கு வரப்போற பொண்டாட்டி வீட்டுச் சின்னத்துக்கு விட்ட இடம்," என்றார் மானேஜர் நாணு. "அந்தப் பையன் கல்யாணம் ஆகாமலே போயிட்டான்."

அவள் பட்டியலில் அதை அப்படியே டைப் அடித்தாள்.

மறுநாள் ஒரு தட்டில் வலப்பாதி நிரம்பியிருந்தது. அன்று விடியலில் மாட்டுங்கா வீட்டு வாசலில் அவள் போட்ட கோலம். அவசரத்தில் கோணிப்போன இழைகூட அப்படியே. விரலால் தேய்த்தாள். வர்ணம் மெருகுக்கு அடியில் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் பட்டியலைத் திருத்தினாள். வெள்ளிக்கிழமைக்குள் பன்னிரண்டும் நிரம்பிவிட்டன.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா, "ஞாயித்துக்கிழமை செம்பூர்லேர்ந்து உன்னைப் பொண்ணு பார்க்க வரா," என்றார்.

"வரவேண்டாம்னு சொல்லிடுங்கோ."

"ஏண்டி? முப்பத்திரண்டு வயசாயிடுத்து."

அவள் கைப்பையை ஆணியில் மாட்டினாள்.

"வேற இடத்துல நிச்சயமாயிடுத்துப்பா."